குண்டு விழுந்த மாசத்துல ஒரு காமெடி

பாஸ், நீங்க 'சபாபதி' பார்த்திருக்கீங்களா? முதலாளியும் சபாபதி, வேலைக்காரனும் சபாபதி. முதலாளி டி.ஆர்.ராமச்சந்திரன். சொன்னதை அப்படியே செஞ்சு வெச்சு மானத்தை வாங்குற வேலைக்காரன் காளி என்.ரத்னம். மேலூர்ல அப்பத்தாவோட உட்கார்ந்து செல்லுல பார்த்தேன். சிரிச்சு சிரிச்சு புரையேறிடுச்சு!

படம் ரிலீஸ் 1941 டிசம்பர். அதே மாசம்தான் பேர்ல் ஹார்பர்லயும் ரங்கூன்லயும் ஜப்பான்காரன் குண்டு போட்டான். ரங்கூனுக்குப் பிழைக்கப்போன அப்பத்தாவோட அப்பா, அடுத்த வருஷம் அங்கேருந்து நடந்தே கிளம்பினாராம். வீடு வந்து சேரலை.

"அந்த நேரத்துல எப்படி அப்பத்தா சனங்க இதைப் பார்த்துச் சிரிச்சாங்க?"னு கேட்டேன். (கேட்டிருக்கக் கூடாதோ?) கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்த வேலைக்காரப் பய வர்றதை இன்னொரு தடவ போடுடா"ன்னுச்சு.