பழைய இதழ்களில் ஒரு பெயர்



எஸ்றாவின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தை நம்மில் பலர் வாசிக்காமலே புரட்டிவிடுகிறோம். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பினவர்களின் பெயர்ப் பட்டியல் அது. இன்னின்னாருடைய புத்திரர் இத்தனை பேர் என்று நீண்டு, சபையார் 42,360 பேர் என்ற கணக்கில் வந்து நிற்கிறது. இறையியல் கல்லூரி நாட்களில் நானும் அதைத் தாண்டிச் சென்றவனே. ஆனால் அப்பட்டியலின் நடுவே, தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் காணாத சிலரைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. அட்டவணை அகப்படாததால் அவர்கள் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். சில மாதங்களாக அவர்கள் என் நினைவை விட்டு அகலவில்லை.

அதற்குக் காரணம் நம் சபையின் மூதாட்டி ஒருவர். வயது 86. 1940இல் அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, அவருடைய தகப்பனார் ரங்கூனுக்கு வேலைக்குப் போனார். இரண்டு முறை பணம் வந்ததாம், பிறகு ஒன்றும் வரவில்லை. போர் முடிந்தும் அவர் திரும்பாததால், அங்கே ஒரு பர்மியப் பெண்ணோடு குடும்பமாகிவிட்டார் என்று ஊர் பேசியது. தாயார் அந்தப் பேச்சை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. சாகும் வரை தாலியைக் கழற்றவில்லை. கல்லறைத் திருநாளில் எல்லாரும் மெழுகுவர்த்தி ஏற்றும்போது தன் பெற்றோருக்கு மட்டும் ஏற்றுவாராம். கணவனுக்கு ஏற்றினால் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டதாகும் அல்லவா? “நம்ம பழைய புத்தகத்துல ஏதாவது இருக்குமா ஐயா?” என்று மகள் என்னிடம் கேட்டது, ஏறக்குறைய எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து.

வெஸ்ட்ரி அறையில் ஒரு தகரப்பெட்டி நிறையப் பழைய சபை இதழ்கள் இருந்தன. இராமபாணப் பூச்சிகள் அவற்றை என்னைக் காட்டிலும் ஊக்கமாக வாசித்திருந்தன. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஆண்டுவாரியாக அடுக்கவே இரண்டு வாரங்கள் ஆயின.

இத்தகைய இதழ்களை வாசிக்க ஒரு முறை உண்டு. முதற்பக்கத்துத் தியானங்களை விட்டுவிடுங்கள். அவற்றை எழுதும் இனத்தைச் சேர்ந்தவனாகவே இதைச் சொல்கிறேன். கடைசிப் பக்கங்களுக்குச் செல்லுங்கள். கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்கள், உபதேசியார் இடமாற்றம், சந்தா செலுத்தியோர், ஸ்தோத்திரக் காணிக்கை. பொடியெழுத்தில் அச்சான இந்தப் பகுதிகளில்தான் மனிதர்கள் இருக்கிறார்கள். எந்தக் காரணத்துக்காக ஒருவர் நாலணா காணிக்கை வைத்தார் என்பது ஒரு குடும்பத்தின் அந்த ஆண்டைச் சொல்லிவிடும். ஒரு குறையையும் மறைக்கக் கூடாது. ஆண்களுக்குப் பெயர் உண்டு, பெண்கள் பெரும்பாலும் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய விதவை என்றே வருகிறார்கள். செய்தியும் நடந்த மாதத்தில் வருவதில்லை, இரண்டு மூன்று மாதங்கள் தள்ளித் தேட வேண்டும். ஒரே ஆள் ஓரிடத்தில் இயேசுதாசன், வேறிடத்தில் ஏசுதாஸ்.

நம் ஊருக்கு யுத்தம் தொலைவில் இருந்ததாக நான் எண்ணியிருந்தேன். 1940 ஏப்ரல் 9இல் ஜெர்மனி டென்மார்க்கைக் கைப்பற்றியதும், நம் வட்டாரத்தில் ஊழியம் செய்த டேனிஷ் மிஷன் தன் தாய்நாட்டிலிருந்து துண்டிக்கப்பட்டது. அந்தப் பெயரைத் தாங்கிய பள்ளி இன்றும் திருவண்ணாமலையில் இருக்கிறது. இவ்வாறு போரினால் கைவிடப்பட்டவற்றை ‘அனாதை மிஷன்கள்’ என்று அழைத்து, மற்ற நாட்டுச் சபைகள் உதவி திரட்டின. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுக்கு உள்ளாயின. சென்னையிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக உள்ளூர்களுக்குப் பெயர்ந்தார்கள். இவையெல்லாம் வரலாற்று நூல்களில் உள்ளவை. ஆனால் அந்த வருஷத்து இதழ் மெலிந்துகொண்டே வருவதையும், சந்தாதாரர் விலாசங்கள் சென்னையிலிருந்து கிராமங்களுக்கு மாறுவதையும் கையில் பிடித்துப் பார்ப்பது வேறு.

பர்மாவுக்கு வருகிறேன். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கே ஏறத்தாழ 10 லட்சம் இந்தியர் இருந்தார்கள். ரங்கூன் நகரத்தாரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியரே. 1941 டிசம்பர் 23இல் அந்நகரின்மீது குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8இல் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. கப்பலில் இடங்கிடைக்காத ஏழைகள் நடந்தார்கள். சிலர் அரக்கான் மலைகளைக் கடந்து சிட்டகாங் நோக்கியும், சிலர் கலேவா, தமு வழியாக மணிப்பூர் நோக்கியும் போனார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு இந்தியாவை அடைந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டார்கள். ஐரோப்பியருக்கு நல்ல வழி, இந்தியருக்குக் கெட்ட வழி என்ற குற்றச்சாட்டு அந்நாளிலேயே எழுந்தது. மாண்டவர்களின் முழுப் பட்டியல் எங்கும் இல்லை. எஸ்றாவைப் போல் ஒருவர் அந்த மலைப்பாதையின் முடிவில் உட்கார்ந்து எழுதவில்லை.

1942ஆம் ஆண்டின் பிற்பகுதி இதழ் ஒன்றில், உயிர்தப்பி வந்த ஒருவர் எழுதிய கடிதம் முக்கால் பக்கத்துக்கு அச்சாகியிருந்தது. தன்னோடு நடந்த நம் மார்க்கத்தார் ஐவரைக் குறிப்பிடுகிறார். அவர்களில் ஒருவர் தமுவுக்கு இப்பால் பேதி கண்டு இறந்தார். மற்றவர்கள் அவரைப் பாதையோரத்தில் கிடத்தி, பரமண்டல ஜெபத்தைச் சொல்லி, மண்ணும் தழையும் மூடிவிட்டு நடந்தார்கள். இறந்தவரின் பெயர் மூதாட்டியின் தகப்பனார் பெயரே. ஆனால் ‘தென் ஆர்க்காடு ஜில்லாக்காரர்’ என்று மட்டும் இருந்தது. தகப்பன் பெயரில்லை, ஊரில்லை.

நாம் வட ஆர்க்காடு. ஆகவே இவர் வேறு ஆள் என்று இதழை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, ஞானஸ்நானப் பதிவேட்டில் வேறெதையோ தேடும்போதுதான் என் அறியாமை எனக்குத் தெரிந்தது. திருவண்ணாமலை தாலுகா 1911 வரை தென் ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. அதற்குப் பிறகே வட ஆர்க்காட்டோடு இணைக்கப்பட்டது. 1989இல்தான் நமக்கென்று தனி மாவட்டம் வந்தது. மூதாட்டியின் தகப்பனார் ஞானஸ்நானம் பெற்றது 1907இல். பதிவேட்டில் அவருடைய ஜில்லா தென் ஆர்க்காடு.

இது நிரூபணமாகாது. அந்தப் பெயர் அக்காலத்தில் கிராமத்துக்கு மூவருக்காவது இருந்தது. மெய்யாகவே தென் ஆர்க்காட்டில் பிறந்த வேறொருவராகவும் அவர் இருக்கலாம். அன்பானவர்களே, நான் சில நாட்கள் அந்த அம்மாவின் வீட்டுப் பக்கம் போகாமல் தவிர்த்தேன். உங்கள் தகப்பனார்தான் என்று சொல்லிவிட்டால், ஒரு குடும்பத்தின் எண்பதாண்டு வெட்கம் நீங்கிவிடும். சொல்லும்படி என் மனம் என்னை நெருக்கியது. ஆறுதல் சொல்வதே எங்கள் வேலை என்று ஊரார் நினைக்கிறார்கள். நாங்களும் சில வேளைகளில் அப்படி நினைத்து, தெரியாததைத் தெரிந்ததாகப் பேசிவிடுகிறோம். கல்லறையோரங்களில் நானே அப்படிப் பேசியிருக்கிறேன்.

கடைசியில் இதழையும் பதிவேட்டின் நகலையும் எடுத்துக்கொண்டு போனேன். எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று இரண்டையும் சொன்னேன். “இவர் உங்க அப்பான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாதும்மா” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஜெபம் பண்ணிட்டுத்தான் போனாங்களா ஐயா?” என்று கேட்டார். அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றேன். கடிதத்தின் அந்த இடத்தைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லி, வேதாகமத்தில் வைத்துக்கொண்டார்.

நான் எழும்பும்போது இன்னொன்றும் கேட்டார்: “ஒருவேளை இவரு வேற யாரோட அப்பாவா இருந்தா, அவங்களுக்குச் சொல்லியாச்சா?”

எனக்குப் பதிலில்லை. அந்தக் கேள்விக்காகவே இதை உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலோ குருமனை அலமாரியிலோ 1942, 1943ஆம் ஆண்டுச் சபை இதழ்கள், எந்தச் சபையுடையதானாலும், கிடந்தால் பழைய காகிதக்காரருக்குப் போடுமுன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. வருகிற கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றலாமா என்று அந்த அம்மா இன்னும் தீர்மானிக்கவில்லை.