ஏழு மில்லிமீட்டர்

நெய்க்காரப்பட்டியிலிருந்து தலைசுற்றலுக்காகக் கழுத்து ரத்தக்குழாய் டாப்ளர் எடுக்கப் பழனிக்கு வருகிறார் ஒரு அம்மா. குழாயெல்லாம் சுத்தம். பக்கத்திலேயே தைராய்டில் கறுப்பாக ஒரு புள்ளி, ஏழு மில்லிமீட்டர். ஸ்கேன் பார்ப்பது என் தொழில் என்பதால் இப்படிக் கேட்காமல் கிடைக்கிறவற்றை அடிக்கடி பார்க்கிறேன்.

தோளுக்கடியில் தலையணை கொடுத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, புரோபைக் கனம் தெரியாமல் வைக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் அளவு மாறிவிடும். ஓரம் கரடுமுரடாக, அகலத்தைவிட ஆழம் கூடுதலாக, உள்ளே ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகளோடு இருந்தால் சந்தேகம் பலக்கிறது. அடுத்து இரண்டு பக்கமும் நெறிக்கட்டி உண்டா என்று தேடுவேன். எல்லாவற்றையும்விட இடம் முக்கியம். மூச்சுக்குழலை ஒட்டியோ, குரல் நரம்பு போகும் பின்பக்கத்திலோ இருந்தால் அளவு சின்னது என்று சும்மா விடக் கூடாது, சர்ஜனிடம் அனுப்பிவிடுவேன். இந்த அம்மாவுக்கு அது மடலின் நடுவில், உறைக்குள் பத்திரமாக இருந்தது. நெறிக்கட்டியும் இல்லை.

"ஏனுங்க டாக்டர், சந்தேகம்னா ஊசி போட்டுப் பாத்துரலாமுங்களே?" என்றார் மகன்.

நியாயமான கேள்வி. ஆனால் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த இத்தகைய கட்டிக்கு ஊசி வேண்டாம், ஆண்டுதோறும் பார்த்து வந்தால் போதும் என்பது அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2017-இல் வகுத்த முறை. ஊசியில் 'கேன்சர்' என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் யார் தூங்குவார்கள்? ஜப்பானின் கோபே நகரில் குமா மருத்துவமனை 1993-லிருந்து, இவ்வளவு சிறிய தைராய்டு புற்றை, ஊசியில் உறுதியான பிறகும், அறுக்காமல் கண்காணித்து வந்தது. 2014-இல் வெளியான அவர்களின் கணக்கில் 1,235 பேர். அந்தப் புற்றால் ஒருவர்கூட இறக்கவில்லை. பத்தாண்டில் மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தது சுமார் 8 சதவீதத்தினருக்குத்தான். ஃபின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை நுணுக்கமாக அறுத்துப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கினருக்குமேல் தைராய்டு புற்று ஒளிந்திருந்தது. 1985-இல் வந்த ஆய்வு அது. தென்கொரியாவில் கழுத்து ஸ்கேன் பரவிய பிறகு, 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்று 1993-ஐப்போல் பதினைந்து மடங்கு. சாவு எண்ணிக்கை மட்டும் அசையவில்லை. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் தைராய்டு ஸ்கேனையும் சும்மா சேர்த்துவிடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அறுத்தால் என்ன ஆகும் என்பதையும் மகனிடம் சொன்னேன். பாதிச் சுரப்பியை எடுத்தாலே போதும். கதிரியக்க அயோடின் தேவைப்படாது. முழுசாக எடுத்துவிட்டால் ஆயுசுக்கும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. சிலருக்குக் கால்சியம் இறங்கி விரல் மரத்துப்போகும். குரல் கம்மிவிடவும் வாய்ப்பு உண்டு. அம்மாவுக்குக் காய்கறி வியாபாரம், நாளெல்லாம் கூவி விற்கிறவர். அதைக் கேட்டதும் அவரே, "அப்ப இருக்கட்டுமுங்க" என்று எழுந்து உட்கார்ந்தார்.

கண்காணிப்பு என்றால் அதற்கும் கைப்பக்குவம் வேண்டும். ஆள் மாறினால் அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறும். வளர்ச்சி என்று பயப்பட வேண்டியதே மூன்றில்தான். அதனால் முடிந்தவரை அதே மெஷின், அதே கை. ரிப்போர்ட் தொலைந்தாலும் பரவாயில்லை, பழைய படத்தைக் கையோடு கொண்டுவாருங்கள் என்பேன். மூன்று திசை அளவும் அதில் இருக்கும்.

இளவயதுக்காரர்களிடம் இந்த நிதானம் எனக்கு வருவதில்லை. அதே கோபே கணக்கில் பத்தாண்டில் நோய் முற்றியது, அறுபது தாண்டியவர்களில் 2.5 சதவீதம், நாற்பதுக்குக் கீழே 22.5. போன வருடம் இதே போன்ற கட்டியோடு வந்த ஒரு இளம்பெண்ணுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, லீவு கிடைக்காது, கல்யாணப் பேச்சும் நடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வருவேன் என்று அவளால் உறுதி தர முடியவில்லை. அவளிடம் சர்ஜனைப் பார், பாதிச் சுரப்பியை எடுத்துக்கொள் என்றுதான் சொன்னேன்.