சுந்தர மகாலிங்கம் உறையும் சதுரகிரி வனம்

விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த கரிசல் பூமி. ஆயினும், மதுரை - ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் கிருஷ்ணன்கோவிலில் பிரிந்து வத்திராயிருப்பை நெருங்கும்போது காட்சி மாறிவிடுகிறது. நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் இருபுறமும் குளிர்ச்சி தருகின்றன. மகாராஜபுரத்தைக் கடந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை கண்முன் ஓங்கி நிற்கிறது. அதன் அடிவாரமே தாணிப்பாறை. அங்கிருந்து மலையேறிச் சென்றால் சுந்தர மகாலிங்கமும் சந்தன மகாலிங்கமும் எழுந்தருளியிருக்கும் சதுரகிரியைத் தரிசிக்கலாம்.

நாற்புறமும் மலைகள் சூழ, சதுரமாக அமைந்ததால் சதுரகிரி எனப் பெயர் பெற்றது என்பர். பச்சைமால் என்னும் ஆயர், தம் பசுவின் பாலை அருந்திய துறவியைக் கோலால் அடித்ததாகவும், அத்துறவி சிவபெருமானே என உணர்ந்து கலங்கி நின்றதாகவும், அடிபட்ட நிலையிலேயே ஐயன் சற்றுச் சாய்ந்த லிங்கமாக அருள்பாலிப்பதாகவும் தலவரலாறு கூறுகிறது. சித்தர்கள் இன்றும் அரூபமாக உலவும் மலை என்பது அடியவர்களின் நம்பிக்கை. ஆடி அமாவாசையன்று பல்லாயிரக்கணக்கான பக்தர்கள் இங்கே கூடுகின்றனர்.

அடிவாரத்தில் ஆசீர்வாத விநாயகரை வணங்கி ஏறத் தொடங்கும் பாதை, ஓடைகளைக் கடந்தும் அவற்றை ஒட்டியும் செல்கிறது. வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம் எனத் தொடரும் வழியில், சன்னிதியை நெருங்கும் இடத்தில் காவல் தெய்வமாக நிற்பவர் பிலாவடிக் கருப்பர். பலா மரத்தின் அடியில் அமர்ந்ததால் வந்த திருநாமம் அது. மரத்தைத் தெய்வத்தின் இருப்பிடமாகக் கண்ட முன்னோர், காட்டையும் கோயிலையும் வேறாக எண்ணியதில்லை என்பதற்கு அப்பெயரே சான்று.

அதே ஓடைக்கரை மரங்களில்தான் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படும் அரிய உயிரினம் இது. மா, புளி போன்ற மரங்களின் கனிகளையும் விதைகளையும் உண்டு, உச்சிக் கிளைகளில் இலைகளால் கூடு கட்டுகிறது. தரையில் இறங்குவது அரிது. மரத்துக்கு மரம் கிளைவழியே தாவிச் செல்வதால், கிளைகள் பின்னிய பந்தல் அறுபட்டால் அதன் பாதையும் அறுந்துவிடும். அடியவர்கள் நடக்கும் வழியும் அணில் வாழும் வீடும் ஒன்றாகவே இருப்பது இத்தலத்தின் தனிச்சிறப்பு. பொறுப்பும் அதனாலேயே கூடுகிறது.

இந்த வனத்தைக் காக்கும் முயற்சி படிப்படியாக வளர்ந்தது. 1972ஆம் ஆண்டில் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988இல் ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்பு, சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, இச்சரணாலயமும் அவற்றுள் இடம்பெற்றது. 2021 பிப்ரவரியில் இதனையும் மேகமலைச் சரணாலயத்தையும் இணைத்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம் உருவானது. கேரளத்தின் பெரியாறு காப்பகத்தை ஒட்டியிருப்பதால், புலியும் யானையும் மாநில எல்லை பாராமல் உலவ இது வழி செய்கிறது. வைகைக்கும் வைப்பாற்றின் கிளையாறுகளுக்கும் நீர் சுரக்கும் மலைகள் இவை. மேலே காடு மழையைத் தேக்கிவைத்தால்தான் கீழே வத்திராயிருப்பின் வயல்கள் விளையும்.

பாதுகாப்பு கூடக் கூடக் கட்டுப்பாடுகளும் கூடின. முன்பு நினைத்த நாளில் ஏறி, மலைமேல் இரவு தங்கி வழிபட்ட முதியோர் பலருக்கு இதில் மனக்குறை உண்டு. ‘அப்பனைக் காண அனுமதி கேட்க வேண்டுமா?’ என்னும் அவர்களது ஏக்கம் நியாயமானதே. ஆனால் 2015 மே மாதத்தில் பெய்த மழையில் ஓடைகள் திடீரெனப் பெருக்கெடுத்து, தரிசனத்துக்குச் சென்றவர்களில் சிலர் உயிரிழந்த துயரத்தையும் மறக்க இயலாது. மலைமேல் எங்கோ பெய்யும் மழை, கீழே வெயில் காயும்போதே வெள்ளமாக வந்து சேரும். கோடையிலோ சருகில் விழும் ஒரு தீப்பொறி போதும். பல ஆண்டுகள், அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தை ஒட்டிய நாட்களில் மட்டுமே மலையேற அனுமதி இருந்ததற்கு மனித உயிரும் வன உயிரும் ஆகிய இரண்டின் நலமும் காரணம்.

விரத நாளில் ஒருவேளை உணவைத் துறப்பவர்களுக்கு இந்த நியமங்கள் புதியவை அல்ல. நெகிழிப் பைகளைத் தவிர்ப்பது, மிச்ச உணவை வழியில் எறியாமலிருப்பது, கண்ட இடத்தில் கற்பூரம் ஏற்றாமலிருப்பது, ஓடையில் பழைய துணிகளை விடாமலிருப்பது, இருட்டும் முன் இறங்கிவிடுவது ஆகியவையும் விரதத்தின் அங்கங்களே. குரங்குகளுக்கு உணவிடுவது தருமமாகத் தோன்றினாலும், அவை தாமே இரை தேடும் இயல்பை அது கெடுத்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைத் தரிசித்துவிட்டு, வத்திராயிருப்பு, மகாராஜபுரம் வழியாகத் தாணிப்பாறையை அடையலாம். அனுமதி நாட்களும் நேரமும் மழை, காட்டுத்தீ ஆகியவற்றைப் பொறுத்து மாறுவதால், விசாரித்த பின் புறப்படுவது நலம். ஏற்றம் கடினமானது, இதய நோயும் மூட்டுவலியும் உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றி ஏறலாகாது. மலையேற இயலாத முதியோர், அடிவாரத்தில் விநாயகரை வணங்கி, மலை நோக்கிக் கைகூப்பித் திரும்பலாம். அங்கே தெரியும் பசுமை முழுவதும் மகாலிங்கத்தின் திருமேனியே.