நொய்யல் ஓரம் – 3: பாதி துளைத்த கல்

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காகக் கரண்ட்டை நிறுத்துவார்கள். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நாலு வரை. சோமனூரில் மனிதர் பேசுவது மனிதர் காதில் விழுவது அன்றைக்குத்தான். மற்ற நாளெல்லாம் தறிக்குடோனுக்குள் ஜாடைதான் பேச்சு.

அப்படியொரு செவ்வாய்க்கிழமையைக் கொடுமணலுக்கு ஒதுக்கினேன். துணைக்குத் தாய்மாமன் வந்தார். பஞ்சாலையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன் மகன் பணம் கட்டி ஐரோப்பா டூர் அனுப்பிவைத்தான். ரோமில் இரண்டு பகல், ஒரு ராத்திரி. அதிலிருந்து எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் கொலோசியத்தோடு ஒப்பிட ஆரம்பித்துவிட்டார். எங்களூர் ரயில்வே ஸ்டேஷன்கூடத் தப்பவில்லை.

போன வாரம் நான் எழுதிய வெள்ளலூர் விஷயத்தைப் படித்திருந்தார். 1842-இல் அங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்ததும், அகஸ்டஸ், திபேரியஸ் என்று ராஜாக்கள் தலை போட்ட காசுகள் அவை என்பதும், அதற்குப் பிறகும் அதே ஊரில் புதையல்கள் கிளம்பியதும் அவருக்கு ஆச்சரியமாக இல்லை. அவர் கேள்வி வேறு.

"காசு கெடச்ச எடத்துல ஒரு தூணாச்சு நிக்குதா கண்ணு?"

"இல்லீங்க மாமா."

"இன்னைக்குப் போற எடத்துல?"

"அங்கயும் வெறுங்காடுதானுங்க."

"அப்பறம் எதுக்குப் பெட்ரோலச் செலவு பண்றே?" என்று கேட்டுக்கொண்டே வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

சாமளாபுரம், மங்கலம், திருப்பூர், ஊத்துக்குளி. ஐம்பது கிலோமீட்டர் சுமாருக்கு வரும். சாமளாபுரம் குளம் வரைக்கும் நொய்யல் ஓர் ஆறு என்று சொல்லிக்கொள்ளலாம். திருப்பூர்ப் பாலத்தில் வண்டியை நிறுத்தவில்லை. அதைப் பற்றி எழுதாதவர்கள் கிடையாது. ஊத்துக்குளியில் டீக் குடித்துவிட்டுக் கத்தாங்கண்ணிப் பக்கம் திரும்பினோம். 1913-இல் இங்கேயும் இருநூறுக்கு மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அதை மாமாவிடம் சொல்லிக்கொண்டே வந்த சுவாரசியத்தில் செல்போன் மேப்பை நம்பி ஒரு கிளுவை வேலிக்குள் போய் முட்டிக்கொண்டு நின்றேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "இக்கட்டால போனா ஆத்துலதானுங்க போயி உளுகோணும். அக்கட்டாலத் திருப்புங்க."

திருப்பினோம்.

ரோமானியக் காசு இந்தக் காட்டுக்குள் எதற்கு வந்தது? மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டருகே ஒரு சந்து இருக்கிறது. முசிறியில் கப்பல் இறங்கிய சரக்கும் பணமும் அந்தக் கணவாய் வழியாகத்தான் கொங்குக்குள் நுழைந்து, நொய்யலை ஒட்டிக் கிழக்கே போய்க் கருவூரை, இன்றைய கரூரைச் சேர்ந்தன. போன பாதையெல்லாம் காசு. வந்தவன் மிளகுக்காக மட்டும் வரவில்லை. காங்கயம் போகிற வழியில் இருக்கும் படியூரில் பெரில் என்ற கல் கிடைத்தது. கடல் தண்ணீரைக் கட்டியாக்கியது போன்ற பச்சை நீலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட ஹீத் என்ற வெள்ளைக்காரர் படியூரில் கிணறு தோண்டி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள் எடுத்திருக்கிறார்.

கி.பி. 77 வாக்கில் தன் இயற்கை வரலாற்று நூலை முடித்த பிளினி, வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று புலம்பினார். பெரில் இந்தியாவை விட்டால் வேறெங்கும் அபூர்வம் என்று எழுதியவரும் அவரே. அதோடு விட்டாரா? பளிங்குக்குச் சாயம் ஏற்றிப் போலிப் பெரில் செய்து விற்கவும் இந்தியர்களுக்குத் தெரியும் என்று ஒரு குத்தும் வைத்திருக்கிறார். அவர் செத்துப்போன மறு வருஷம், கி.பி. 80-இல், கொலோசியம் திறக்கப்பட்டது.

இதைக் கேட்டதும் மாமா பின்னாலிருந்து தோளைத் தட்டினார். "சாயம் போடறது அப்பவே நம்ம தொழிலா? அது செரி."

கொடுமணல் ஊருக்குள் நுழைந்ததும் அவர் தேடியது நுழைவுச் சீட்டு கொடுக்கும் இடத்தை. நான் காட்டியது சோளக்காட்டை. பதிற்றுப்பத்தில் அணிகலனுக்குப் பேர்போன ஊராக வரும் கொடுமணம் இதுதான். இந்த இடத்தின் அருமையைப் பேசிப் பேசியே ஆய்வாளர்களை இழுத்து வந்தவர்களில் ஈரோட்டுப் புலவர் செ. இராசு முக்கியமானவர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ. சுப்பராயலு, கா. ராஜன் போன்றவர்கள் இங்கே தோண்டினார்கள். 2012-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் மறுபடி தொடங்கியது, பிறகு மாநிலத் தொல்லியல் துறை. தோண்டிய குழிகளை அளந்து, படம் எடுத்து, மூடிவிட்டார்கள். மேலே மறுபடியும் வெள்ளாமை.

பார்ப்பதற்கு நிற்பவை ஈமக்காட்டுக் கற்கள்தான். வட்டமாகப் பாறைகள், நடுவே பலகைக்கல் அறை. அப்படி ஓர் அறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் செத்தவரோடு வைக்கப்பட்டிருந்தன. அந்தக் கல் குஜராத் பக்கத்திலிருந்து வந்தது. சூதுபவளமும் நீலக்கல்லும் பதித்த ஒரு வெண்கலப் புலியும் இங்கே கிடைத்தது. பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர் கீறிய ஓடுகள் மட்டும் நூற்றுக்கணக்கில். வணிகர் குழுவைக் குறிக்கும் நிகமம் என்ற சொல்லும் அவற்றில் உண்டு.

மாமா ஒரு பலகைக்கல்லைச் சுற்றி வந்து நின்றார். "ரோமுல நிமுந்து நிமுந்து பாத்துக் கழுத்து நோவெடுத்துப் போச்சு. இங்க குனிஞ்சே நடக்கோணுமாட்ட இருக்குது."

அவர் சொன்னதில் பாதி கிண்டல், பாதி உண்மை. குனிந்தால்தான் தெரியும். வரப்போரத்தில் கருப்பாக, நுரைத்து இறுகியது போல ஒரு கட்டி கிடந்தது. இரும்புக் கிட்டம். இங்கே இரும்பை உருக்கியிருக்கிறார்கள், எஃகும் செய்திருக்கிறார்கள். பக்கத்திலேயே பளிங்குச் சில்லுகள், மண்ணில் உப்புத் தூவியது போல.

ஆட்டுப்பட்டியிலிருந்து ஒரு ஆத்தா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் ஆபீசர் இல்லை என்பது உறுதியானதும் அருகே வந்தார். "மழ பேஞ்சு நின்னா பாசி மினுக்கும் சாமி. எங்க காலத்துல கொழந்தைக பொறுக்கிக் கோத்துப் போட்டுக்குவோம். இப்ப தோண்டறவீக வந்தா குடுத்தர்றது." முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கல்லை என் உள்ளங்கையில் வைத்தார்.

புளியங்கொட்டை அளவுப் பளிங்கு. ஆறு பட்டையில் நாலு பட்டை தேய்த்திருந்தது, இரண்டு இன்னும் கரடு. ஒரு முனையில் குண்டூசி நுழையும் அளவு துளை. கல்லை வெயிலுக்கு நேரே பிடித்தால் துளை உள்ளே போவது வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கால்வாசி தூரம் போயிருக்கும். அந்த இடத்திலிருந்து ஒரு விரிசல் சாய்ந்து ஓடியது. கெட்டிக் கல்மணியை இரண்டு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். இந்தக் கல்லில் மறுமுனைத் துளை தொடங்கவே இல்லை. விரிசல் விட்டதும் தூக்கிப் போட்டுவிட்டான்.

எத்தனை நாள் வேலை அதில் போயிருக்கும்? அந்த நாளுக்கு அவனுக்குக் கூலி கொடுத்தார்களா? எனக்கு வேறு கேள்வி வராது. கூலிக்கு நெய்கிறவன் நான். பாவு ஒருத்தருடையது, துணி ஒருத்தருடையது, அது எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டால் ஈரோடு மார்க்கெட்டைத் தாண்டி எனக்குச் சொல்லத் தெரியாது. இழை ஓட்டம் விழுந்தால் மட்டும் நஷ்டம் யாருடையது என்பதில் சந்தேகமே வராது.

கொடுமணலில் முழுசாக முடிந்த மணியைவிட இந்த மாதிரிப் பாதியில் நின்றவைதான் பட்டறைக்குச் சாட்சி என்பார்கள் ஆய்வாளர்கள். முடிந்ததெல்லாம் கப்பலேறிவிட்டது. காசோ வியாபாரி புதைத்த பானைக்குள் போனது. செய்த ஊரில் மிஞ்சியது கழிவு. மாமா பார்த்த ரோம் வாங்கியவன் ஊர். தூண் மிஞ்சுவதற்கு அங்கே காரணம் இருக்கிறது. எனக்கு என்னவோ இந்தச் சில்லும் கிட்டமும்தான் சுலபமாகப் புரிகிறது. எங்கள் தறிக்குடோனுக்குப் பின்னால் போய் நின்றாலும் இதுதான், பஞ்சும் அறுந்த நூலும்.

இன்னொன்றும் இங்கே கிடைத்திருக்கிறது. சுட்ட மண்ணில் செய்த தக்களி வட்டு, நடுவில் இரும்புக் கம்பி செருகியது. அதை மாமாவிடம் சொன்னபோது அதுவரை இல்லாத கவனம் அவர் முகத்தில் வந்தது.

"எத்தன பெருசு இருக்குங்கறாங்க?"

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினேன். அவர் வலது கையைக் காற்றில் நீட்டி, இல்லாத தக்களியை ஒரு சுண்டு சுண்டினார். இடது கை தானாக மேலே போய் நூலை இழுத்தது. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டதாம். ஆத்தா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அய்யனுக்கு நூக்கத் தெரியுமாட்ட இருக்குது" என்றார். எங்களிடம் கல்லை வாங்கி மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டார்.

திரும்பும்போது ஒரத்துப்பாளையம் அணைக்கும் போய்ப் பார்க்கலாம் என்றிருந்தோம். 1992-இல் பாசனத்துக்கென்று திறந்த அணை, திருப்பூர்ச் சாயத்தண்ணீரைத் தேக்கி வைக்கும் தொட்டியாக ஆன கதை. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை அந்த வழக்கு போனது. ஐரோப்பாவுக்குப் பனியன் போனது, சாயம் இங்கே நின்றது. வெயில் ஏறிவிட்டதாலும், மாமாவுக்குச் சர்க்கரை மாத்திரை நேரம் வந்துவிட்டதாலும் அணையை விட்டுவிட்டோம். வழியில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. அரிசியும் பருப்பும் சோறு, மேலே ஒரு கரண்டி நெய். அதற்கு ஈடாக ரோமில் எதுவுமே கிடைக்கவில்லை என்று மாமா முதல் தடவையாக ஒப்புக்கொண்டார்.

மங்கலம் தாண்டும்போது வீட்டிலிருந்து போன். "கரண்ட் வந்துருச்சுங்க. மூணாந்தறியில பாவு அறுந்து கெடக்குது, எப்ப வருவீங்க?"

கரூருக்கு அடுத்த மாதம் கரண்ட் நிறுத்தும் நாளில்தான் போக முடியும். அமராவதி மணலில் சலித்தெடுத்த சேரர் காசுகள் அங்கே காத்திருக்கின்றன. "மாக்கோதை" என்று பெயர் பொறித்த ஒன்றில் சேர ராஜா ரோமானிய ராஜாவைப் போலவே பக்கவாட்டு முகம் காட்டி நிற்கிறார். மாமாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தூண் உண்டா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

(தொடரும்)