கயத்தாற்றுக் கற்குவியல்

கயத்தாற்றுக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் இருந்தது எங்கள் ஊர். உளுந்தோ மிளகாய் வத்தலோ, விற்க வேண்டுமென்றால் வண்டி கட்டிக் கயத்தாற்றுக்குத்தான் போக வேண்டும். முழுப்பரீட்சை லீவில் என்னையும் கூட்டிப்போவார்கள். தாத்தா வண்டி பத்துவார். ஆச்சி மூட்டையில் சாய்ந்துகொள்வாள். நான் வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பேன். அதனால் வழியில் உள்ள எதுவும் எனக்கு வண்டி கடந்த பிறகுதான் தெரியும். மெல்ல மெல்லச் சிறுத்துக்கொண்டே போகிற கற்களைப் பார்த்தபடி கேள்வி கேட்பேன். ஆச்சி பதில் சொல்வாள்.

வண்டிப்பாதை தார்ச்சாலையில் ஏறும் முக்கில் ஒரு சுமைதாங்கி உண்டு. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைக் கிடத்தியிருப்பார்கள். விறகுக்கட்டோ ஓலைப்பெட்டியோ சுமந்து வருகிறவர்கள் இறக்கவும் ஏற்றவும் இன்னொரு ஆளைத் தேட வேண்டாம். லேசாகக் குனிந்தால் சுமை கல்லுக்கு மாறிவிடும். அந்த இடம் வந்ததும் ஆச்சி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குவாள். கல்லைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

"இது எதுக்கு ஆச்சி?"

"பிள்ளைத்தாச்சியா இருந்து செத்துப்போனவளுக்குப் போட்ட கல்லுடா. இறக்கி வைக்காத சுமையோட போயிட்டா பாரு. போறவுக வாரவுக சுமைய இதுல இறக்கி வச்சா அவ மனசு ஆறும்."

கல்லின் முகப்பில் எழுத்து வெட்டியிருந்தது. வருசா வருசம் பொங்கலுக்கு யாரோ பூசிய சுண்ணாம்பு எழுத்துப் பள்ளங்களை அடைத்திருந்ததால், எழுத்துக்கூட்டிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் செத்துப்போனவளின் பெயரும், அவள் பிறந்த ஊரும், அவளை எந்த வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள் என்பதும் ஆச்சிக்குத் தெரியும். அந்தக் கல்லில் எழுதியிருந்ததைவிட அதிகமாகவே தெரியும்.

கயத்தாற்றில் கட்டபொம்மன் சிலையைத் தாண்டும்போது தாத்தா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொள்வார். 1959இல் வந்த படத்தில் கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன், 1970இல் அந்த இடத்தை வாங்கிச் சிலை வைத்தார். தாத்தாவுக்கு அந்தப் படத்தின் வசனம் முழுக்க மனப்பாடம். ஆச்சிக்கோ சிலை பெரிதாகப் படவில்லை. "சிலை இப்பத்தானடா வந்துச்சு. அதுக்கு முந்தி கல்லுதான்" என்பாள். அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது அவளுடைய ஐயா அந்த வழியே கூட்டிப்போவாராம். கீழே கிடக்கிற கல் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்து, அங்கே இருந்த கற்குவியலில் போடச் சொல்வாராம். அந்தப் பக்கம் போகிற எல்லோருமே அப்படிப் போட்டுவிட்டுப் போவார்களாம். யாரும் சட்டம் போட்டுச் சொன்னதில்லை.

பிற்பாடு படித்தபோதுதான் ஆச்சி சொன்னதன் கனம் எனக்குப் புரிந்தது. 1799 அக்டோபர் 16 அன்று, மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து அவர்கள் கண்முன்னே விசாரணை நடத்தி, பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரான கட்டபொம்மனை அங்கே ஒரு புளியமரத்தில் தூக்கிலிட்டார் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேன். தன்னைப் பிடிக்க முனைந்தவர்களைக் கட்டபொம்மன் இகழ்ச்சியோடு பார்த்ததையும், தூக்குமரத்துக்குத் தளராமல் நடந்துபோனதையும் அந்தப் பானர்மேனே தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவருடைய தம்பி ஊமைத்துரை 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். அதே ஆண்டு மே மாதம் அதுவும் விழுந்தது. இனி அங்கே கோட்டை இருந்த தடமே இருக்கக் கூடாதென்று இடித்துத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள். அந்தப் போர்களில் செத்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மட்டும் பாஞ்சாலங்குறிச்சியிலும் ஓட்டப்பிடாரத்திலும் பேரும் பதவியும் பொறித்த கல்லறைகள் எழும்பின.

கட்டபொம்மனுக்கு அப்படி எழுதி வைக்க அன்றைக்கு யாருக்குத் துணிவு வரும்? அதனால் சனங்கள் கல் போட்டார்கள். வழியில் குனிந்து ஒரு கல்லை எடுத்துப் போடுகிறவனை எந்தச் சிப்பாய் என்ன குற்றம் சொல்லிப் பிடிப்பான்? அந்தக் குவியல் நூறு வருசமாக வழிப்போக்கர்கள் இட்ட காணிக்கை என்று வெள்ளைக்காரர் காலத்துக் குறிப்பே சொல்கிறது. கட்டபொம்மனுக்கு எழும்பிய நினைவுச்சின்னங்களில் அதற்கு ஈடாக எதையும் நான் வைக்க மாட்டேன். பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் எழுந்த நினைவுக் கோட்டையும், கயத்தாற்றில் 2015இல் திறந்த மணிமண்டபமும் வேண்டியவைதான். ஆனால் அவை அரசு கட்டியவை. குவியலை எழுப்பியவர்கள் ஆச்சியின் ஐயாவைப் போன்ற, கையெழுத்துப் போடத் தெரியாத சம்சாரிகள்.

படிக்காதவர்களையும் மனத்தில் வைத்துக் கல் நடுவது நம் நாட்டில் பழைய வழக்கம். தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் காதக்கல்லில் நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்தில் வெட்டியதோடு விடவில்லை. இரண்டு பெரிய குழியும் ஒன்பது சிறிய குழியும் தோண்டி வைத்திருக்கிறார்கள். பெரியது பத்து, சிறியது ஒன்று. எழுத்தறியாதவன் விரலால் தடவியே தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். அந்தக் கல்லைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சுமைதாங்கியைத் தொட்ட ஆச்சியின் விரல்தான் நினைவுக்கு வந்தது.

அந்தச் சுமைதாங்கி இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்கே போட்டார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கல்லுக்கு உரியவளாக ஆச்சி சொன்ன பெயரை நான் எழுதி வைத்திருக்கிறேன். எழுதியிராவிட்டால் அந்தப் பிள்ளைத்தாச்சி பிறந்து வாழ்ந்ததற்கு வேறு தடயம் கிடையாது.

உங்கள் ஊருக்குப் போகிற வழியிலும் ஒரு சுமைதாங்கியோ நடுகல்லோ பழைய மைல்கல்லோ நிற்கலாம். அடுத்த முறை போகும்போது வண்டியை நிறுத்தி இறங்குங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும். பக்கத்துத் திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் அது யாருக்கு நட்ட கல் என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளையும் படத்தையும் உங்கள் மாவட்ட அருங்காட்சியகத்தில் கொடுங்கள். சாலை போடும் இயந்திரம் வருவதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.