மாசி மாதத்து மைக்செட்

திண்டுக்கல்லில் கோட்டை மாரியம்மன் கோவில் மாசித் திருவிழாவும் பொதுத்தேர்வுக் காலமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டுதான் வந்து சேரும். மைக்செட்காரர் தெருமுனையில் குழாயைக் கட்டி, விடியும் முன்பே எல்.ஆர்.ஈஸ்வரியைப் பாட விட்டுவிடுவார். வீட்டுக்குள் நாங்கள் பானிபட், பிளாசி, பக்சார் என்று ஆண்டுகளை உருப்போட்டுக்கொண்டிருப்போம். நடுவில் வேப்பிலையும் சூலமும் வந்து விழும். நையாண்டி மேளத்துக்குச் சத்தம் இதைவிட அதிகம். ஆனாலும் அது தெருவில் போகும்போது படிப்பு இவ்வளவு கெட்டதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. 1989-ல் சலாமே, பேட்லி என்ற இரண்டு உளவியலாளர்கள், எண்களைக் காட்டி வரிசை மாறாமல் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். பின்னால் வாய்ப்பாட்டு ஓடியபோது தடுமாற்றம் மிகுந்தது. வாத்திய இசையால் கெட்டது குறைவு. மனசுக்குள் சொல்லிப் பார்க்கிற இடத்திலேயே பாட்டின் சொற்களும் வந்து நெருக்கியடிக்கின்றன. (மொசார்ட் கேட்டால் பிள்ளைக்கு மூளை வளரும் என்று கேசட் விற்றார்களே, அதற்கு மூலமான 1993 ஆய்வு நினைவாற்றலைச் சோதிக்கவே இல்லை.)

வேடிக்கை என்னவென்றால், பக்சார் போர் எந்த ஆண்டு என்பது போய்விட்டது. அதை விரட்டிய பாட்டு இருக்கிறது. எங்காவது அது கேட்டால் மாவிளக்கின் நெய் வாசனையும், தீச்சட்டி ஏந்தி வருகிறவர்களின் காலில் குடம் குடமாய் ஊற்றிய மஞ்சள் தண்ணீரும் உடனே வந்துவிடும். இளையராஜாவை அதைவிட நூறு மடங்கு கேட்டிருக்கிறேன். கோடை பண்பலை 100.5 மலைமேலிருந்து இந்தச் சமவெளி முழுக்க அவரைப் பொழிகிறது: டீக்கடை, டவுன் பஸ், பூட்டுப் பட்டறை என்று ஓரிடம் பாக்கியில்லை. அதனாலேயே அவர் பாட்டு எந்த ஒரு நாளையும் எனக்குத் திருப்பித் தருவதில்லை. ஒரே ஆணியில் எத்தனை சட்டையைத்தான் மாட்டுவது? ஆண்டுக்கு ஒருமுறை ஒலிக்கிற பாட்டுக்கு அந்த நெருக்கடி கிடையாது.

எங்கள் பெரியம்மா பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு சாவியை எங்கே வைத்தோம் என்று தினம் தேடுகிறவர். பேரன் பேத்தி பெயரெல்லாம் மாறிப் போகிறது. இழவு வீட்டில் மட்டும், நாலு பெண்கள் தோள் சேர்த்து உட்கார்ந்ததும், ஒப்பாரியை முதலடியிலிருந்து கடைசி வரை சொல் பிசகாமல் எடுப்பார். இராகம் இழுத்த இழுப்பில் அடுத்த அடி தானாக வந்து நிற்கும். அசை நீண்டாலோ குறைந்தாலோ மெட்டே காட்டிக்கொடுத்துவிடும். வெறும் பேச்சுக்கு அந்தப் பிடிமானம் இல்லை.

இதைப் பதிவு செய்து வைக்கலாமே என்று ஒரு சாயங்காலம் ஃபோனை நீட்டினேன்.

“இழவு விழாத வீட்டுல உக்காந்து ஒப்பாரி பாடச் சொல்றியே, உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்றார்.