பொல்கொல்லையில் தங்கிய மண்

ஜனவரி 16, காலை

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டியதும் மகாவலியின் வேகம் தளர்ந்துவிடுகிறது. 1976இல் பொல்கொல்லையில் அணைக்கட்டு வந்ததிலிருந்து இந்த இடத்தில் அது பாதி ஆறு, பாதி குளம். ஒரு பங்கு நீர் மலையைக் குடைந்த எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவளை மின்நிலையத்துக்குப் போகிறது. கூட வந்த வண்டலில் பெரும்பகுதி இங்கேயே தங்கிவிடுகிறது. மேலே சரிவுகளில் மழை அரித்த மண் அது; தேயிலைக் காட்டு மண்ணும் அதில் உண்டு. அதன்மேல் கோரையும் புல்லும் அடர்ந்து, பறவைக்கு ஒரு வீடாகிவிட்டது.

கானாங்கோழி ஒன்று சேற்றில் இறங்கியது. வெள்ளை மார்பு, குட்டை வாலை வெடுக்கென்று தூக்கும்போதெல்லாம் அடியில் செங்காவி தெரிகிறது. ஓர் ஓட்டோ ஹோர்ன் அடித்ததுதான், பற்றைக்குள் போய்விட்டது.

பெப்ரவரி 2

உலக ஈரநில நாள். கொழும்புக்கு 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. கண்டியில் ஈரநிலம் என்றால் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வருவதில்லை, வாவிதான் கண்ணில் நிற்கிறது. 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைப்பித்த அந்த வாவி அழகுதான். கரையோர மரங்களில் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்கின்றன. அவற்றின் இறகு நனையக்கூடியது, அதனாலேயே ஆழ முக்குளிக்க முடிகிறது. ஆனால் கல் கட்டிய கரையில் ஒளிந்து வாழும் பறவைக்கு இடம் குறைவு. அதற்குச் சேறு வேண்டும்.

பெப்ரவரி, பிற்பகுதி

பொல்கொல்லையில் நீர் இறங்கிச் சேற்றுத் திட்டுகள் வெளிப்பட்டிருக்கின்றன. மடையான்கள் அசையாமல் நிற்கின்றன. வடக்கிலிருந்து வந்த உள்ளான் ஒன்று பின்புறத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டு புழு தேடுகிறது. வெயில் காலம் முற்றுமுன் மறுபடி வடக்கே திரும்ப வேண்டிய பறவை. கரையில் கபரகொய்யா நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடிக்கிறது. பிங்கா ஓயா வந்து கலக்கும் பக்கம் பார்க்கவே மனம் கொதிக்கிறது. சோறு சுற்றிய லஞ்ச் ஷீட்டுகள் கோரைத் தண்டுகளில் வரிசையாகச் சிக்கியிருக்கின்றன. இதே மகாவலியிலிருந்துதான் கண்டிக்குக் குடிநீரும் எடுக்கிறோம்.

வண்டலை அள்ளத்தான் வேண்டும். அணை தூர்ந்தால் மின்சாரம் குறையும், வடக்கே வயல்களுக்கு நீரும் குறையும். அள்ளும்போது இரண்டு கரையையும் ஒரேயடியாக வழிக்க வேண்டாம். ஒரு கரையை முடித்து, அங்கே கோரை மறுபடி தழைத்த பிறகு மற்றக் கரையில் இயந்திரத்தை இறக்கலாம்.